வத்சலா தாயி கொண்டுவந்த தட்டு

என் அருமை மகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உன் கனடா ஆபீசில் ஒவ்வொருவரும் அவரவர் கலாச்சாரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். "அம்மா, நம்ம கல்ச்சர்னு நான் எதைச் சொல்ல?" என்று கேட்டாய். நான் அப்போது அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். "பட்டுச்சேலை கட்டி, பூ வச்சுக்கிட்டுப் போ. அதுதான் கல்ச்சர்" என்றேன். நீ சிரித்தாய். அப்புறம், "அதில்லம்மா. இங்க கூட வேலை பாக்கிற கொரியாப் பொண்ணுக்கு அவ ஊர் இருக்கு. மெக்சிகோக்காரனுக்கு அவன் ஊர் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? திருநெல்வேலியை ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். மராட்டி பேசுவேன், ஆனா மராட்டிக்காரி கிடையாது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கேன். நான் யாருன்னு போய்ச் சொல்ல?" என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது. "நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். மூன்று நாளாகப் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழும், பிறகு வாரப் பத்திரிகைகளில் நானே படித்துக்கொண்ட தமிழும்தான் எனக்குத் தெரிந்தது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். மெதுவாகப் படி. புரியாத இடத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே போ, திரும்பி வந்தால் புரியும்.

இருபத்தேழு வருஷம் நான் செம்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே நான் பார்க்காத சாதி சனம் இல்லை. கோவண்டியிலிருந்து வருகிற உத்தரப்பிரதேச முஸ்லிம் பெண்கள், மீன்காரக் கோலிப் பெண்கள், குஜராத்தி வீட்டு மருமகள்கள், வாஷியிலிருந்து காரில் வருகிற மலையாளி டீச்சர்கள், நம் தாராவிப் பெண்கள் என்று எல்லாரும் அந்த ஒரே வார்டில்தான் படுத்திருந்தார்கள். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. காவல் என் வேலை. ஆனால் ஒவ்வொரு மாமியாரும் மடியில் ஒன்றை ஒளித்துவைத்திருப்பாள். ஒருத்தி தேன், ஒருத்தி வெல்லத் தண்ணீர், ஒருத்தி பேரீச்சம்பழத்தை மென்று மசித்த விழுது, நம்மவள் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுக்கொண்டு நிற்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் குழந்தையின் வாயில் விரல் போய்விடும். பிடித்துக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி விழிப்பார்கள். "எங்கள்ல இதுதான் வழக்கம், உனக்குத் தெரியாது" என்று ஐந்து பாஷையில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கொண்டுவந்த பண்டம் வேறுவேறு. முதல் ருசி இனிப்பாக இருக்கட்டும் என்ற ஆசை எல்லாருக்கும் ஒன்றுதான்.

நல்லதில் மட்டும்தான் மனிதர்கள் ஒன்றுபோல இருப்பார்கள் என்று நினைத்துவிடாதே. பெண் குழந்தை என்று நான் வெளியே போய்ச் சொல்லும்போது வராந்தாவில் நிற்கிறவர்களின் முகம் சுருங்கும். அதையும் எல்லா பாஷைக்காரர்களிடமும் பார்த்திருக்கிறேன். நீ பிறந்தபோது என் முகமும் ஒரு நிமிடம் அப்படித்தான் ஆனது. உன் அப்பாதான் தோல் பட்டறையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் லட்டு வாங்கிக்கொண்டு போனார். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன், அதனால் இதைவிடப் பெரியதையும் சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் பெரியப்பா வீட்டோடு இருந்த நாம், உனக்கு நாலு வயதாகும்போது கோவண்டிக்குக் குடிவந்தோம். பத்து அறைகள் ஒரே வரிசையாக, முன்னால் ஒரு நீள வராந்தா, கடைசியில் ஒரு குழாய். அந்த வரிசையில் நாம் மட்டும்தான் தமிழ் ஆட்கள். அடுத்த அறை வத்சலா வீடு. அவளுடைய புருஷன் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தார். அவள் வீட்டிலிருந்தபடியே சேலைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பாள். மகன் சாகர் உன்னைவிட ஒரு வயது சின்னவன். நாம் வந்து இறங்கிய அன்றே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அக்கா, பானி" என்றாள். நான் அவள் பேச்சைக் கேட்டு அசந்துபோனேன். அவள் என்னை நம்மைப் போலவே அக்கா என்கிறாளே என்று. மராட்டியிலும் அக்கா என்றால் அக்காதான் என்று உன் அப்பா சொன்னார். அவர்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு, தாயி என்று. அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். நீ அக்கம்பக்கத்தார் கூப்பிடுவதைக் கேட்டு அவளை வத்சலா தாயி என்று கூப்பிட்டாய். தமிழில் அதற்கு அம்மா என்று பொருள் என்பது உனக்கு அப்போது தெரியாது.

வத்சலா வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருந்தது. தீண்டாமை தாங்காமல் அவர்கள் ஆட்கள் கூட்டமாகப் புத்த மதத்துக்கு மாறியிருந்தார்கள். அவர்கள் என்ன சாதி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெரிந்த அன்றே கடைக்குப் போய் ஒரு கண்ணாடி கிளாஸ் வாங்கிவந்து வெளி ஜன்னல் கட்டையில் வைத்தேன். அவள் வந்தால் டீ அதில்தான். குடித்துவிட்டு அவளே கழுவி அங்கேயே வைத்துவிடுவாள். ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பா மட்டும் திட்டினார். "ரெண்டு நாள் ரயில்ல வந்தோமே, வழியில எங்கயாவது இதைத் தூக்கி எறிஞ்சிட்டு வந்திருக்கப்பிடாதா?" என்று கேட்டார். "இது நம்ம பழக்கம்" என்றேன். பழக்கம் என்ற சொல் எனக்கு அன்றைக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் அவமானம் எனக்குப் புதிதில்லை. செம்பூரில் வாடகைக்கு அறை கேட்டுப் போனபோது, "மதராசிகளுக்குக் கொடுக்கிறதில்லை, எண்ணெய் வாடை போகாது" என்று ஒரு வீட்டுக்காரம்மாள் எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அன்று பஸ்சில் வரும்போது அழுதேன். அழுத அதே மாதத்தில்தான் கிளாஸ் வாங்கினேன்.

உனக்கு ஆறு வயது இருக்கும். ஒரு நாள் மத்தியானம் டூட்டி சீக்கிரம் முடிந்து வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வத்சலா வீட்டில் உட்கார்ந்திருந்தாய். உனக்கும் சாகருக்கும் நடுவில் ஒரே தட்டு. சோள ரொட்டியைப் பிய்த்து, அவள் இடித்த பச்சைமிளகாய்த் துவையலில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய, "தாயி, இன்னும்" என்றாய். அவள் கல்லில் அடுத்த ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே உன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். வராந்தாவில் வைத்து, அத்தனை பேரும் பார்க்க, உன்னை அறைந்தேன். வாயிலிருந்ததைத் துப்பச் சொன்னேன். நீ துப்பினாய். வத்சலா வெளியே வந்து, நீ துப்பியதை ஒரு துணியால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் பார்த்தேன், ஜன்னல் கட்டையில் அந்தக் கிளாஸ் இல்லை. அவள் எடுத்துப் போய் எறிந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் நம் வாசலுக்கு வரவில்லை. நீயும் சாகரும் மட்டும் குழாயடியில் ஒளிந்து ஒளிந்து விளையாடினீர்கள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு உன் அப்பா போனார். பட்டறையில் டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காலை பத்து மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரிக்குச் செய்தி வந்தது. ஊரிலிருந்து ஆட்கள் வர இரண்டு நாளாகும், அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று தாராவியிலிருந்த நம் ஆட்களே மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தார்கள். அன்று நம் வரிசையில் யாரும் ரேடியோ வைக்கவில்லை, சமைக்கிற வாசனைகூட வரவில்லை. ஆண்கள் எல்லாரும் போன பிறகு வீட்டில் நானும், நீயும், உன் பெரியம்மாவும்தான். நம்மில் சாவு நடந்த வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை, சம்பந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். ஊருக்கே திரும்பிப் போய்விட்டிருந்த என் பிறந்த வீட்டார் அப்போதுதான் அங்கே ரயில் ஏறியிருந்தார்கள். பெரியம்மா தாராவிக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள், சாப்பாடு வந்து சேரவில்லை. நீ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உனக்குப் பசிக்கிறது என்பதுகூட என் புத்திக்கு எட்டவில்லை.

அப்போது வாசலில் நிழல் தெரிந்தது. வத்சலா நின்றாள். கையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடியிருந்தது. அவள் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு ஒரு அடி வெளியே, சரியாக நான் உன்னை அறைந்த இடத்தில் நின்றுகொண்டு, "அக்கா, தோடா கா லே. பச்சி கோ தே" என்றாள். கொஞ்சம் சாப்பிடு, குழந்தைக்குக் கொடு என்று. அவர்களிலும் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டார்தான் முதல் சாப்பாட்டைக் கொண்டுவருவார்கள், அதற்குக் கசப்புக் கவளம் என்றே அவர்கள் பாஷையில் பெயர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பெரியம்மா முந்திக்கொண்டாள். "யாருட்டி அது? பக்கத்து வீட்டுக்காரியா? கையில வாங்கிராத. அங்கனயே வச்சிட்டுப் போவச் சொல்லு."

தமிழில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலைப் புரிந்துகொள்ள பாஷை தெரிய வேண்டியதில்லை. வத்சலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். "உள்ள வா" என்று இரண்டு சொல் போதும். நான் சொல்லவில்லை. என் புருஷன் போன துக்கத்தில் வாய் வரவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லலாம், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பெரியம்மா என்ன நினைப்பாள், தாராவியில் போய் என்ன சொல்வாள் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். வத்சலா குனிந்து தட்டை வராந்தாவில், சுவர் ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. நீ என் பக்கத்திலிருந்து எழுந்தாய். வாசலைத் தாண்டி வெளியே போனாய். தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாய். சோள ரொட்டியும், கடலைமாவு கரைத்துக் காய்ச்சிய கூட்டும் இருந்தன. ஒரு துண்டு பிய்த்தாய். வாயில் வைப்பதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை மகளே, என் கையைப் பார்த்தாய். வலது கையை. அது எழுந்து வருமா என்று பார்த்துக்கொண்டே, அந்தத் துண்டை வாயில் வைத்து மெதுவாக மென்றாய்.

அந்தப் பார்வையை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உன் அப்பா போனதைவிட அதுதான் அன்று என்னை உடைத்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். எழுந்து வெளியே வந்தேன். உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நீ பயந்து கொஞ்சம் நகர்ந்தாய். நான் அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டேன். நீ கூட்டில் தொட்டு எனக்கு ஒரு வாய் ஊட்டினாய். உள்ளேயிருந்து பெரியம்மா, "உனக்குப் புத்தி பிசகிப்போச்சாட்டி? இன்னைக்கா? இன்னைக்குப் போயா?" என்று கத்தினாள். "ஆமா மைனி, இன்னைக்குத்தான்" என்றேன். அன்று முழுக்க நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் பிறகு இரண்டு வருஷம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது என்று கொஞ்சம் முறுக்கு சுட்டு வைத்திருந்தேன். வத்சலா தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், உடனே கூப்பிடவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "நான் உனக்காகக் கொண்டுவரலை, அக்கா. பாப்பாவுக்காகக் கொண்டுவந்தேன்" என்றாள். அவளுடைய பம்பாய் இந்தியை நான் தமிழில் எழுதுகிறேன். "கிளாஸைக்கூட மன்னிச்சிருவேன். என்னை அடிச்சிருந்தாலும் மன்னிச்சிருவேன். என் வீட்டுச் சோறை ஒரு குழந்தை வாயிலிருந்து துப்ப வச்சியே." நான் அழுதேன். அவள் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "உள்ளே வா. எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். வேணும்னா குடி" என்று டீ போட்டாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து குடித்தேன். நாங்கள் சிநேகிதிகள் ஆக அதற்குப் பிறகு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. மன்னிப்பு ஒரு டீயில் கிடைத்துவிடும் என்று நீ நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

அந்த ஒரு வருஷத்தில் அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. ஊரிலிருந்து வந்தவர்கள் என் பொட்டை அழித்து, வளையலை உடைத்தார்கள். நான் வெறும் நெற்றியோடு குழாயடிக்குப் போனபோது வத்சலா கேட்டாள். "ஏன் இப்படி?" "எங்க வழக்கம்" என்றேன். "எங்களுக்கும் இருந்தது. எங்க மாமனார் காலத்துல எல்லாரும் உட்கார்ந்து பேசி விட்டுட்டோம். வேண்டாம்னு தோணினா விட்டுடலாம் அக்கா, யாரும் சாகமாட்டாங்க" என்றாள். எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. வழக்கம் என்பது கண்ணின் நிறத்தைப் போல பிறவியிலேயே வருவது, மாற்ற முடியாதது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு கூட்டம் மனிதர்கள் உட்கார்ந்து பேசி, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று முடிவெடுக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து நான் பொட்டு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மட்டும், "நல்லாயிருக்கு" என்றார்.

வேடிக்கையான நாட்களும் இருந்தன. ஒரு பொங்கலுக்கு முன்னால் மஞ்சள் கொத்தும் வாழையிலையும் வாங்க மாட்டுங்கா போனேன், வத்சலாவும் கூட வந்தாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு கடையில் ஒரு மாமி மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டிருந்தார். நான் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, மஞ்சக்கொலை என்ன வெல சொல்லுதிய?" என்று கேட்டேன். அந்த மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க மலையாளமா?" என்றார். "தமிழ்தான்" என்றேன். "அப்படியா, தெரியவே இல்லை" என்றார். வத்சலாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "உங்க ஆளுங்களுக்கே உன்னைத் தெரியலை. நான்தான் பாவம், உன்னைத் தமிழ்னு நம்பிக்கிட்டிருக்கேன்!" வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தாராவித் தமிழுக்கும் மாட்டுங்காத் தமிழுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். எனக்கும் அந்த மாமிக்கும் பாஷை ஒன்று, நெருக்கமில்லை. எனக்கும் வத்சலாவுக்கும் பாஷை வேறு, வெங்காயம் தீர்ந்தால் கேட்காமலே போய் எடுத்துக்கொள்கிற நெருக்கம்.

ஆனாலும் எல்லாரும் ஒன்று, வித்தியாசமே இல்லை என்று உன் ஆபீசில் போய்ச் சொல்லிவிடாதே. அது உண்மையில்லை, வத்சலா கேட்டால் சண்டைக்கு வருவாள். நான் கோயிலுக்குப் போவேன், அவள் வரமாட்டாள், கோயில் வாசலில் அவளுடைய முன்னோர்கள் பட்டதை அவள் மறக்கத் தயாராக இல்லை. அதை மறக்கச் சொல்ல நான் யார்? என் சாம்பாரை அவள் புளித் தண்ணீர் என்பாள், அவள் பருப்பில் வெல்லம் போடுவதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் குலவை போட்டபோது, ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட எழுந்தாள். இந்த வித்தியாசங்கள் இருக்கட்டும். யார் தட்டில் யார் சாப்பிடலாம் என்பதை அவை முடிவு செய்யாதவரை இருக்கட்டும். ஒற்றுமைகளோ நாம் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நிற்கும். நீ கனடாவுக்குப் புறப்பட்ட அன்று டாக்சியில் ஏறிக்கொண்டு, "பை தாயி" என்றாய். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "போறேன்னு சொல்லாதே. யேதே சொல்லு" என்றாள். யேதே என்றால் வருகிறேன். நம்மைப் போலவே அவர்களும் புறப்படும்போது வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். இருபது வருஷம் பக்கத்தில் இருந்தும் அன்றுதான் நான் அதைக் கவனித்தேன்.

நீ யார் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உன் அப்பா திருநெல்வேலிக்காரர், நான் தாராவியில் வளர்ந்தவள், உனக்கு முதலில் மிளகாய் உறைப்பைப் பழக்கியவள் வத்சலா. சினம் வந்தால் நீ இந்தியில் திட்டுகிறாய், காய்ச்சல் வந்தால் தமிழில் முனகுகிறாய், ரகசியம் பேச மராட்டி வைத்திருக்கிறாய். இதில் எதுவும் கலப்படம் இல்லை, எதுவும் குறையும் இல்லை. எட்டு வயதில், அடி விழலாம் என்று தெரிந்தும், கொண்டுவந்து வைத்த சோற்றை மதித்துப் போய் உட்கார்ந்தவள் நீ. அந்த மரியாதையை நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, நேர்மாறானதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். நீ அதை வராந்தாவில் எங்கேயோ கற்றிருக்கிறாய். அந்தக் கொரியாப் பெண்ணிடமும் மெக்சிகோக்காரரிடமும் ஐந்து நிமிடம் நீ பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசி முடித்த பிறகு, உங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு யார் சோறு கொண்டுவருவார்கள், குழந்தை பிறந்தால் முதலில் என்ன கொடுப்பீர்கள், நீங்கள் எதை விட்டீர்கள், எதை விட மாட்டீர்கள் என்று கேள். பட்டுச்சேலையைவிட அதில் நிறையத் தெரியவரும். நான் இத்தனை வருஷம் கழித்துக் கேட்க ஆரம்பித்தேன், நீ சீக்கிரம் கேட்டுவிடு.

கடைசியாக ஒரு சேதி. சாகருக்குப் பெண் பிறந்தது உனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாம் நாள், தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். அவர்கள் முறைப்படி பெயரைக் குழந்தையின் காதில் முதலில் சொல்ல வேண்டியவள் அத்தை. நம்மிலும் அத்தைதான், தெரியுமா? சாகருக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிடலாம் என்று அவன் மனைவி வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவன், "எனக்கு அக்கா இருக்கா, கனடாவில் இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு போனான். வத்சலா உள்ளே திரும்பி நின்று முகத்தைத் துடைத்தாள். எனவே ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். பெயரை சாகர் உனக்கு எழுதி அனுப்புவான், வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. அவன் போனைத் தொட்டிலுக்குள் குழந்தையின் காதருகே பிடிப்பான். நீ முதலில் "குர்ர்ர்" என்று சத்தம் கொடுத்துவிட்டு, பெயரைச் சொல்ல வேண்டும். நீ சொல்லி முடித்ததும் சுற்றி நிற்கிற பெண்கள் எல்லாரும் அத்தையின் முதுகில் தொப்பு தொப்பென்று அடிப்பார்களாம், அதுதான் வழக்கம். உன் முதுகு அங்கே இருப்பதால் என் முதுகைக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். முதல் அடி தன்னுடையதுதான் என்று வத்சலா இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். பலமாகத்தான் அடிப்பாள். நீ பயப்படாமல், சத்தமாக, தெளிவாகச் சொல்.

உன் அம்மா